நம் சாலைக்கு எந்த டயர்?

'ஆல் சீசன் டயர்' என்ற பெயர் இப்போது கார் வைத்திருக்கும் குடும்பங்களில் அடிபடுகிறது. எல்லாப் பருவங்களுக்கும் ஏற்ற டயர் என்பது அதன் பொருள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. வெயிலுக்கும் ஆகும், மழைக்கும் ஆகும், குளிருக்கும் ஆகும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் மரக்காணத்தில் குடியிருந்துகொண்டு, வாரத்தில் நான்கு நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் போய் வருகிற ஒருவருக்கு இந்தப் பெயரால் ஏதேனும் பயன் உண்டா? இல்லை என்பதே என் கருத்து. அவருக்கு வேண்டியது வேறு. அதற்குக் கவர்ச்சியான பெயர் எதுவும் இல்லை. அதனாலேயே அதை யாரும் கேட்டு வாங்குவதுமில்லை.

முதலில், 'எல்லாப் பருவம்' என்று சொல்கிறார்களே, அவை யாருடைய பருவங்கள் என்று பார்ப்போம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் வடபகுதியிலும் ஆண்டில் சில மாதங்கள் சாலைமீது பனி கிடக்கும். அங்கே பலர் இரண்டு தொகுதி டயர்கள் வைத்திருக்கிறார்கள். கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு மற்றொன்று. ஆண்டுக்கு இரு முறை கழற்றி மாட்டுவது அவர்களுக்கு வழக்கம். இந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்காகவும், பனி குறைவாகப் பெய்யும் மிதமான தட்பவெப்பப் பகுதிகளுக்காகவும் செய்யப்பட்டதே இந்த நடுவழி டயர். கோடை டயர் அளவுக்குக் கோடையில் இது பிடிக்காது. குளிர்கால டயர் அளவுக்குப் பனியிலும் பிடிக்காது. இரண்டிலும் ஓரளவு சமாளிக்கும். அவ்வளவுதான்.

குளிருக்கென்று தனி டயர் ஏன் வேண்டும்? இதற்கு விடை இரப்பரின் இயல்பில் இருக்கிறது. இரப்பரின் மூலக்கூறுகள் மிக நீண்ட சங்கிலிகள். சூடு இருக்கும்வரை இந்தச் சங்கிலிகள் நெளிந்துகொண்டே இருக்கும். இழுத்தால் நீளும், விட்டால் சுருளும். குளிர ஆரம்பித்தால் நெளிவு குறையும். இன்னும் குளிர்ந்தால் சங்கிலிகள் கிட்டத்தட்ட அசையாமல் நின்றுவிடும். இரப்பர் கண்ணாடியைப்போல் விறைத்துப்போகும். மார்கழி மாதத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உறைதல் வேறு வகையானதுதான்; ஆனாலும் சில டிகிரி வேறுபாடு ஒரு பொருளின் நடத்தையை எப்படி மாற்றிவிடுகிறது என்பதற்கு அது நல்ல உவமை.

1986ஆம் ஆண்டு ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் கிளம்பிய சிறிது நேரத்தில் வெடித்துச் சிதறி, அதில் இருந்த ஏழு பேரும் மாண்டனர். பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்புகளில் இருந்த இரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்து, இடைவெளியைச் சரியாக அடைக்காமற்போனதே காரணம். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியல் அறிஞர் ரிச்சர்டு ஃபெயின்மன், அந்த இரப்பரில் ஒரு துண்டை மேசைமேல் இருந்த ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்து, அது உடனே பழைய வடிவுக்குத் திரும்பவில்லை என்று எல்லோர் கண்முன்னாலும் காட்டினார். பனி நாட்டுச் சாலையில் கோடை டயருக்கு நேர்வதும் ஏறக்குறைய இதுதான். சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இரப்பர் புகுந்து கவ்வவேண்டும். விறைத்துப்போன இரப்பர் புகுவதில்லை, மேலே வழுக்கிக்கொண்டு போகிறது. சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் குளிர்கால டயருக்கு மாறுங்கள் என்று அந்நாடுகளில் சொல்கிறார்கள்.

ஏழு டிகிரி! மரக்காணத்தில் மார்கழி இரவிலும் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். தமிழ்நாட்டில் உதகமண்டலம் போன்ற மலையூர்களில் சில இரவுகள் உறைபனி விழும்; அங்கும் பகலில் வெயில் வந்துவிடும். ஆகவே குளிருக்காக மென்மையாக்கப்பட்ட இரப்பருக்கு நாம் காசு கொடுப்பது, கடலூர்க்காரர் கம்பளிக் கோட்டு வாங்கி வைத்துக்கொள்வது போன்றது. அதனால் நன்மை இல்லை என்பதோடு போகவில்லை. சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும் நம் சித்திரை வெயிலில், அந்த மென்மையான இரப்பர் வேகமாகத் தேயும்.

டயரின் பக்கவாட்டில் 'எம்', 'எஸ்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் சேர்த்து அச்சிட்டிருந்தால் அது 'சேறும் பனியும்' என்பதன் குறி. டயரைச் செய்தவர் தாமே போட்டுக்கொள்ளும் குறி அது. மூன்று சிகரங்களுள்ள மலையும் அதற்குள் பனித் துகளும் வரைந்த படம் இருந்தால், பனித் தரையில் சோதனை செய்து தேறியது என்று பொருள். இந்தப் படம் இருக்கிறதே என்று கூடுதல் விலை கொடுக்காதீர்கள் என்று வீட்டில் சொல்லலாம். வேடிக்கை என்னவென்றால், சென்னையைச் சுற்றியே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், தேர்வாய்கண்டிகை என்று டயர்த் தொழிற்சாலைகள் நிறைந்திருக்கின்றன. டயர் இங்கே பிறக்கிறது. அதைப் பற்றிய பேச்சு மட்டும் பனி நாட்டிலிருந்து வருகிறது.

அப்படியானால் நமக்குப் பருவமே இல்லையா? உண்டு. மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்பவரைக் கேளுங்கள், அவர் சொல்வார். தை பிறந்தபின் பாத்திகளைச் சீர்செய்து நீர் கட்டத் தொடங்கினால், பங்குனி, சித்திரை, வைகாசி என்று வெயில் ஏற ஏற உப்பு விளையும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் வெள்ளக்காடாகிவிடும், வேலை நின்றுபோகும். இந்தக் கரையில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. புயலும் அப்போதுதான் வரும். 2020 நவம்பர் 25ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையேதான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் இதே பகுதியில் கரை ஏறியது. அப்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது.

நம்முடைய பருவங்கள் இவ்விரண்டே: வெயில், மழை. அவற்றுள் டயரைச் சோதிப்பது மழை.

மழைச் சாலையில் டயர் செய்யும் வேலையைக் கொஞ்சம் கணக்குப்போட்டுப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் ஒன்று. ஒவ்வொரு சக்கரமும் 300 கிலோ தாங்குகிறது. காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு. அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 2.25 கிலோ. 300ஐ 2.25ஆல் வகுத்தால் ஏறக்குறைய 133 சதுர சென்டிமீட்டர் கிடைக்கிறது. ஒரு சக்கரம் தரையைத் தொடும் பரப்பு இவ்வளவுதான். நம் அஞ்சலட்டையின் நீளம் 14 செ.மீ., அகலம் 9 செ.மீ.; பரப்பு 126 சதுர செ.மீ. ஆக, நான்கு அஞ்சலட்டைகளின்மேல்தான் உங்கள் குடும்பம் முழுவதும் போய்க்கொண்டிருக்கிறது! டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் எடை தாங்குவதால் இது தோராயக் கணக்கே. என்றாலும் உண்மையிலிருந்து வெகுதூரம் விலகியதல்ல.

சாலையில் 2 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று கொள்வோம். டயரின் அகலம் 16 செ.மீ. கார் மணிக்கு 72 கி.மீ., அதாவது வினாடிக்கு 20 மீட்டர் போகிறது. இவற்றைப் பெருக்கினால் வினாடிக்கு 6.4 லிட்டர். இரண்டு வினாடிக்கு ஒரு குடம் தண்ணீரை ஒரே சக்கரம் தன் பாதையிலிருந்து அப்புறப்படுத்தியாகவேண்டும். அந்தத் தண்ணீர் எங்கே போகும்? டயரில் வெட்டியிருக்கும் வரிப்பள்ளங்கள் வழியாகத்தான் போகவேண்டும். அழகுக்காக வெட்டிய கோலமல்ல அது, வடிகால். புதிய கார் டயரில் அந்தப் பள்ளம் சுமார் 8 மி.மீ. ஆழம் இருக்கும். தேயத் தேய வடிகால் தூர்ந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வடிகால் அறவே இல்லாவிட்டால்? தண்ணீர் வெளியேற நேரமின்றி டயருக்கு முன்னால் ஆப்புப்போல் திரண்டு, டயரை அப்படியே தூக்கிவிடுகிறது. சக்கரம் தரையை விட்டு நீரின்மேல் மிதக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. பிரேக்கை மிதித்தாலும் நிற்காது. 1963ஆம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய நாசாவில், விமானங்கள் நனைந்த ஓடுபாதையில் ஏன் வழுக்குகின்றன என்று ஆராய்ந்த வால்ட்டர் ஹார்ன் என்பவரும் அவருடைய கூட்டாளியும் இதற்கு ஓர் எளிய விதியைக் கண்டறிந்தனர். காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை எடுத்து, ஏறக்குறைய 16.7ஆல் பெருக்கினால், மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். (அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று எடுத்துக்கொள்ளவேண்டும்.) 32 பவுண்டு என்றால் 94 கி.மீ. 25 பவுண்டு என்றால் 83 கி.மீ. 20 பவுண்டுக்கு இறங்கிவிட்டால் 75 கி.மீ. தான். டயர் தேய்ந்தோ, அதன் பள்ளங்கள் கொள்ளாத அளவுக்குத் தண்ணீர் நின்றோ இருக்கும்போது இது பொருந்தும். நல்ல பள்ளமுள்ள டயர் இன்னும் அதிக வேகம்வரை தாக்குப்பிடிக்கும்.

இந்த விதியில் வண்டியின் எடை வரவே இல்லை, கவனித்தீர்களா? எடை கூடினால் டயர் நசுங்கித் தரையைத் தொடும் பரப்பும் கூடிவிடுகிறது. ஆகவே அழுத்தம் மாறுவதில்லை. கனமான கார் வழுக்காது என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். அவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம், பணிவோடு.

மிதக்கும் அளவுக்கு வேகம் போகாவிட்டாலும் ஆபத்து குறைந்துவிடுவதில்லை. பிரேக்கின் கணக்கைப் பாருங்கள். வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் கெழு, புவியீர்ப்பு முடுக்கம் இவற்றின் பெருக்கற்பலனைப்போல் இரு மடங்கால் வகுத்தால் வண்டி நிற்கும் தொலைவு கிடைக்கும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். உலர்ந்த சாலையில் உராய்வுக் கெழு 0.8 என்று கொண்டால், மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வரும் கார் 25½ மீட்டரில் நின்றுவிடும். நனைந்த சாலை, நல்ல டயர், கெழு 0.5 என்று கொள்வோம். சுமார் 41 மீட்டர். நனைந்த சாலை, மொட்டை டயர், கெழு 0.25 என்று கொண்டால் சுமார் 82 மீட்டர். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலைத் தூக்கிப் பிரேக்கில் வைப்பதற்குள் ஓடிவிடும் 20 மீட்டர் இதில் சேரவில்லை.

இத்தோடு நிறுத்தாமல் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். நல்ல டயர் போட்ட கார் முழுதும் நின்றுவிட்ட அந்த 41ஆவது மீட்டரில், மொட்டை டயர் போட்ட கார் என்ன வேகத்தில் இருக்கும்? கணக்கைப் போட்டால் வினாடிக்கு சுமார் 14 மீட்டர். மணிக்கு 51 கி.மீ. கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் மீனவர் குப்பங்கள் இருக்கின்றன, பள்ளிகள் இருக்கின்றன. மாலையில் பள்ளி விட்டுச் சைக்கிளில் சாலையைக் கடப்பவர்கள் உங்களைப் போன்றவர்களே. அந்த இடத்தில் ஒரு கார் நின்றுவிட்டதா, 51 கி.மீ. வேகத்தில் வந்துகொண்டிருக்கிறதா என்பது வெறும் டயர் விஷயமல்ல.

உப்புக்கு வருவோம். உப்புக் காற்று டயரை அரித்துவிடும் என்ற எண்ணம் கடற்கரை ஊர்களில் பரவலாக உண்டு. இரப்பரை உப்பு ஒன்றும் செய்வதில்லை. அது அரிப்பது இரும்பை. சக்கரத்தின் இரும்பு வளையம் துருவேறிப் பொருக்குத் தட்டினால், டியூப் இல்லாத டயர் வளையத்தோடு ஒட்டி அமரும் இடத்தில் காற்று மெல்லக் கசியும். ஆழமாக வெட்டுப்பட்ட டயருக்குள் உப்புநீர் இறங்கினால் உள்ளே இருக்கும் எஃகுக் கம்பிப் பட்டைகள் துருப்பிடிக்கும். டயர் வெடித்து வாய்பிளக்க வைப்பது வெயிலும், காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும்.

ஆனால் உப்பு இன்னொரு வழியில் வேலை காட்டும். உப்பு ஏற்றிய லாரிகளிலிருந்து சாலையில் சிந்தும் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். அளத்து உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கு முன்பே கசியும். (மழைக்காலத்தில் சமையலறை உப்புச் சாடி ஈரம் கோப்பது இதனால்தான்.) கடலோரத்தில் இரவுக் காற்று அந்த அளவு ஈரத்தைச் சாதாரணமாகவே தாண்டும். ஆகவே ஒரு துளி மழை பெய்யாத நாளிலும், விடியற்காலையில் உப்பும் புழுதியும் சேர்ந்த மெல்லிய குழம்பு சாலையில் படிந்திருக்கும் இடங்கள் உண்டு. இரு சக்கர வண்டியில் போகிறவர்கள் இதை என்னைவிட நன்றாக அறிவார்கள். முதல் மழைத் தூறலின்போது சாலை மிகவும் வழுக்குவதும் இதே காரணத்தால்தான். புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் கழுவிப் போகுமளவுக்கு நீர் இருக்காது. குழைவதற்குப் போதுமான நீர் இருக்கும்.

வெயில் காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோடையில் டயர் வெடிக்காமல் இருக்கக் காற்றைக் குறைத்து வைக்கவேண்டும் என்று நம் ஊரில் ஓட்டுநர்கள் பலர் நம்புகிறார்கள். இது நேர்மாறான யோசனை. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் சூடேறுகிறதல்லவா? அப்படியே டயரின் பக்கச் சுவரும் சூடேறுகிறது. வெடிப்பது பெரும்பாலும் அந்தச் சூட்டினால்தான். காற்று விரிவதால் எவ்வளவு அழுத்தம் கூடும் என்பதையும் வாயு விதி கொண்டு கணக்கிடலாம். 30 டிகிரியில் 32 பவுண்டு அடைத்த டயர் 60 டிகிரிக்குச் சூடேறினால், வளிமண்டல அழுத்தத்தைச் சேர்த்துத் தனிவெப்பநிலையில் கணக்கிடும்போது ஏறக்குறைய 36½ பவுண்டு வருகிறது. இந்த ஏற்றத்தைத் தாங்குமாறே டயரைச் செய்திருக்கிறார்கள். ஓடிச் சூடான டயரில் காற்றை இறக்கினால், அது ஆறியபின் குறைகாற்று டயராகிவிடும். ஆகவே ஓடாத டயரில், காலையில், கார்க் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அட்டையிலுள்ள அளவுக்குக் காற்று வைப்பதே சரி. நைட்ரஜன் அடைத்தால் சூடேறாது என்று சொல்லிப் பணம் கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: பஞ்சர் கடைக் காற்றிலும் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு நைட்ரஜன்தான்.

பஞ்சர் கடை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் சிற்றூர்களில்கூட 'வல்கனைசிங்' என்று எழுதிய பலகையைக் காணலாம். 1839இல் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் இரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் பிசுபிசுக்காமலும் குளிரில் நொறுங்காமலும் இருப்பதைக் கண்டார். ரோமானியர்களின் நெருப்புக் கடவுளான வல்கன் பெயரால் அந்த முறைக்கு வல்கனைசிங் என்று பெயர் வந்தது. குட்இயர் கடனாளியாகவே இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய டயர் கம்பெனிக்கும் அவருக்கும் தொடர்பு இல்லை. ஆனால் அவர் கண்ட முறையின் பெயர் திண்டிவனம் சாலையோரத்துத் தகரப் பலகை வரைக்கும் வந்துவிட்டது.

இனி என் யோசனைக்கு வருகிறேன். கார் டயரின் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்பது நம் நாட்டு மோட்டார் வாகன விதி. இரு சக்கர வண்டிக்கு 0.8 மி.மீ. உலர்ந்த சாலைக்கு இது போதும். நம் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு 1.6 மி.மீ. போதாது, 3 மி.மீ.யாவது இருக்கவேண்டும் என்பேன்.

இதற்கு வரக்கூடிய மறுப்பு எனக்குத் தெரியும். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர், "இன்னும் ஓடக்கூடிய டயரைத் தூக்கிப் போடச் சொல்கிறீரே, பணத்தை நீரா தருவீர்?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. 8 மி.மீ.யில் தொடங்கி 1.6இல் முடிந்தால் பயன்படுவது 6.4 மி.மீ. 3 மி.மீ.யிலேயே கழற்றினால் 1.4 மி.மீ. வீண். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். டயர் 45,000 கி.மீ. உழைக்கும் என்றால், ஏறக்குறைய 10,000 கி.மீ. ஓட்டத்தை விட்டுவிடச் சொல்வதாகிறது.

விடவேண்டியதில்லை. டயர் வாங்கும் மாதத்தை மாற்றிக்கொண்டால் போதும். பலர் டயர் மாற்றுவது எப்போது? முழுதும் தேய்ந்த பிறகு. அல்லது மழையில் ஒரு முறை வழுக்கிப் பயந்த பிறகு, அதாவது மழைக்காலம் பாதி போனபின். அதற்குப் பதிலாகப் புரட்டாசி மாதத்தில் பள்ளத்தை அளந்து பார்க்கட்டும். 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் அந்த மழையைத் தாண்டிவிடலாம். மழை ஓய்ந்து தை பிறந்தபின் 3 மி.மீ. இருக்கும் டயரைக் கவலையின்றி வெயில் மாதங்களில் ஓட்டி 1.6 வரை தேய்க்கட்டும். பங்குனி வெயிலில் பள்ளத்துக்கு வேலை குறைவு. குடும்பக் கார் ஒன்று தையிலிருந்து புரட்டாசி வரையில் ஓடும் தொலைவும் கிட்டத்தட்ட அந்த 10,000 கி.மீ. தான். வாடகைக் கார் அதற்கு முன்பே தேய்த்துவிடும். அவருக்கு ஆண்டில் எந்த மாதமும் டயர் மாற்றும் மாதமாக அமையலாம் என்பதால், மழைக்கு முந்திய மாதத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திவரவேண்டும். ஆனி, ஆடி மாலைகளில் இடியோடு மழை வருமே என்றால், வரும். ஒரு மணி நேரத்தில் நின்றும்போகும். அந்த நேரத்தில் வேகத்தைக் குறைப்பதற்குக் காசு செலவில்லை. பனி நாட்டுக்காரர் பருவத்துக்கு ஏற்ப டயரைக் கழற்றி மாட்டுகிறார். நாம் ஒரே டயரை வைத்துக்கொண்டு, அதன் இளமையை மழைக்கும் முதுமையை வெயிலுக்கும் ஒதுக்கினால் போதும்.

இரண்டு டயர்தான் வாங்கப் பணம் இருக்கிறது என்றால் புதியவற்றைப் பின்சக்கரங்களில் போடவேண்டும். முன்னால் போடுவதே வழக்கம் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். முன்சக்கரம் நீரில் மிதந்தால் வண்டி நேரே போகும். காலை எடுத்தால் வேகம் குறைந்து மீண்டும் பிடிக்கும். பின்சக்கரம் மிதந்தால் வண்டி பம்பரமாகச் சுழன்றுவிடும்; நல்ல ஓட்டுநராலும் அதைத் திருத்துவது கடினம்.

தேய்ந்த டயருக்குப் புது இரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் முறையை நான் குறை சொல்லமாட்டேன். முறையாகச் செய்தால் அது நல்ல சிக்கனம். விமான டயர்களுக்குக்கூட அப்படிச் செய்கிறார்கள். நம் அரசுப் பேருந்துகள் பல ஆண்டுகளாக அவற்றில் ஓடுகின்றன. 1946இல் சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய கே. எம். மாம்மன் மாப்பிள்ளையின் 'மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி', 1952இல் டயர்த் தொழிலுக்குள் நுழைந்ததே ரீட்ரெடிங்குக்கான இரப்பர் செய்துதான். நான் வெறுப்பது வேறு ஒன்றை. மொட்டை டயரில் சூட்டுக்கத்தியால் புதுப் பள்ளம் கீறிக் கறுப்பு மை பூசி விற்பார்கள். பள்ளம் கீறுவதற்கென்று கூடுதல் இரப்பர் வைத்துச் செய்த லாரி டயர்கள் உண்டு; கார் டயர் அப்படிப்பட்டதல்ல. அதில் கீறினால் கத்தி எஃகுக் கம்பிவரை போய்விடும். அதை விற்பவர் செய்வது வியாபாரமல்ல.

புதிய டயர் வாங்கும்போது பார்க்கவேண்டியவை பக்கச் சுவரிலேயே அச்சாகியிருக்கின்றன. 165/80 ஆர் 14 85 டி என்று இருந்தால், அகலம் 165 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 80 விழுக்காடு, ரேடியல் வகை, சக்கரத்தின் விட்டம் 14 அங்குலம், ஒரு டயர் தாங்கும் எடை 515 கிலோ, உச்ச வேகம் மணிக்கு 190 கி.மீ. காரின் கையேட்டில் உள்ள அளவே இதுவும் இருக்கவேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். நான்கு இலக்கமுள்ள ஓர் எண் தனியாக இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. கடையில் மூன்று நான்கு ஆண்டு கிடந்த டயரைத் தள்ளுபடியில் தந்தால் வேண்டாம் என்று சொல்லலாம். இரப்பர் ஓடாமல் கிடந்தாலும் முதுமை அடையும். ஐந்தாண்டு ஆனபின் ஆண்டுதோறும் காட்டிச் சோதியுங்கள், பத்தாண்டுக்கு மேல் பள்ளம் இருந்தாலும் மாற்றுங்கள் என்று டயர் செய்பவர்களே சொல்கிறார்கள்.

நனைந்த சாலையில் எவ்வளவு பிடிக்கும் என்பதையும் கேட்கவேண்டும். 2022 ஜூன் மாதத்தில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, உருளும்போது ஏற்படும் தடை, நனைந்த சாலைப் பிடிப்பு, ஓசை ஆகிய மூன்றுக்கும் டயர்கள் குறித்த தரத்தை எட்டவேண்டும் என்று அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் கடைக்கு வருபவர் கண்ணில் படும்படி 'மழைப்பிடிப்பு இவ்வளவு' என்று மின்விசிறிக்கும் குளிர்பெட்டிக்கும் நட்சத்திரம் ஒட்டுவதுபோல் தமிழிலும் ஒட்டினால் இன்னும் நல்லது. சாலையில் சைக்கிளில் போகும் மாணவருக்கும் அந்த நட்சத்திரத்தில் பங்கு உண்டு.

பள்ளத்தை அளக்கக் கருவி ஒன்றும் வாங்கவேண்டாம். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை எடுத்து, அடிப்பகுதியைச் சமமாக நறுக்கிக்கொள்ளுங்கள். கார் நின்றுகொண்டிருக்கும்போது, டயரின் நடுவிலுள்ள அகலமான பள்ளத்துக்குள் அதைச் செங்குத்தாக விட்டு, மேல்மட்டம் வரும் இடத்தில் நகத்தால் அழுத்தி எடுத்து, ஜியோமெட்ரி பெட்டியிலுள்ள அளவுகோலில் வைத்துப் பாருங்கள். உள்ளோரம், நடு, வெளியோரம் என்று மூன்று இடத்தில் அளக்கவேண்டும். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. ஓர் ஓரம் மட்டும் என்றால் சக்கரக் கோணம் பிசகியிருக்கிறது. பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே குறுக்கே சிறு மேடுகள் தெரியும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. டயரின் மேல்மட்டம் தேய்ந்து அவற்றோடு சமமாகிவிட்டால் அந்த டயரின் கதை முடிந்தது. அப்பாவின் மோட்டார் சைக்கிள், வீட்டுக் கார், நீங்கள் ஏறிப் போகும் பள்ளி வேன் எல்லாவற்றையும் அளந்து ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள். வேன் ஓட்டுநரிடம் முதலில் கேட்டுக்கொண்டு அளப்பது மரியாதை. அளக்கும்போது டிக்கியைத் திறந்து, மறந்துபோய்க் கிடக்கும் ஸ்டெப்னியையும் பார்த்துவிடுங்கள். அதில் காற்றே இல்லாதிருப்பது மிகச் சாதாரணம்.